கேமரா படம் பிரவுசரில் வரவில்லையா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் வீடுகளிலும் கடைகளிலும் ரப்பர் தோட்டங்களிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தியும் பழுது பார்த்தும் வருகிறேன். போனில் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: கேமரா ஓடுகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் படம் வரவில்லை. இதற்காகவே நல்ல டிவிஆரை (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் வீணாகிறதே என்ற ஆதங்கத்தில், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

டிவியில படம் நல்லா தெரியுது. லேப்டாப்ல போட்டா வெறும் கறுப்பா கெடக்கு. கேமரா போச்சா அண்ணே?

போகவில்லை. டிவியில் தெரிகிறது என்றால் கேமரா, வயர், டிவிஆர் மூன்றும் நன்றாக இருக்கின்றன. டிவிஆரிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ வயர் வழியாகப் படம் நேராகப் போகிறது, நடுவில் எந்த பிரவுசரும் கிடையாது. லேப்டாப்பில் பார்க்கும்போது கதை வேறு. டிவிஆருக்குள்ளேயே ஒரு சின்ன இணையப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை உங்கள் பிரவுசர் திறந்து, அதிலுள்ள வீடியோவைப் பிரித்துக் காட்ட வேண்டும். பக்கம் எழுதப்பட்ட காலம் ஒன்று, உங்கள் பிரவுசரின் காலம் வேறொன்று. சிக்கல் அங்கேதான்.

டிவியிலும் படம் வரவில்லை என்றால் இந்தப் பக்கம் உங்களுக்கு உதவாது. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்றில் கனெக்டர் துருப்பிடித்துப் போவதை முதலில் பாருங்கள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் என்றால் இடி மின்னலில் போர்ட் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த முகவரியைப் போட்டுத் திறக்கணும்? அந்த நம்பரே எனக்குத் தெரியாது.

டிவிஆரில் மவுஸைச் செருகி, மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் ஐபி எண் தெரியும். தனியாக நிற்கும் ஐபி கேமரா என்றால், ஹிக்விஷன் நிறுவனத்தின் கேமராவுக்குத் தொழிற்சாலை எண் 192.168.1.64, டாகுவா நிறுவனத்தின் கேமராவுக்கு 192.168.1.108. மாற்றி வைத்திருந்தால் ஹிக்விஷனின் எஸ்ஏடிபி, டாகுவாவின் கான்ஃபிக் டூல் ஆகிய இலவச மென்பொருள்கள் வீட்டு நெட்வொர்க்கில் தேடிக் காட்டிவிடும்.

ரவுட்டர் தானாக எண் கொடுக்கும்படி விட்டிருந்தால், கரண்ட் போய் வந்த பிறகு எண் மாறிப்போகலாம். 'நேத்து வந்துது, இன்னைக்கு வரல்ல' என்று சொல்பவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். டிவிஆருக்கு நிலையான எண் ஒன்றைக் கொடுத்து, ஒரு காகிதத்தில் எழுதி டிவிஆரின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

முன்னாடி எல்லாம் வந்துட்டுதானே இருந்துது? நாங்க ஒண்ணுமே மாத்தல்லையே.

நீங்கள் மாற்றவில்லை, பிரவுசர்கள் மாறிவிட்டன. பழைய டிவிஆர் பக்கங்கள் வீடியோவைக் காட்ட ஆக்டிவ்எக்ஸ் என்ற துணைநிரலை (பிளகின்) நம்பியிருந்தன. அது 1996-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் (ஐஈ) மட்டும் ஓடும். குரோமும் ஃபயர்பாக்ஸும் என்பிஏபிஐ என்ற வேறு வகைத் துணைநிரலை ஏற்றன. அதைக் குரோம் 2015 செப்டம்பரில் 45-ஆம் பதிப்போடு நிறுத்தியது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் 52-ஆம் பதிப்பில் ஃபிளாஷ் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தியது. ஃபிளாஷுக்கும் 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் ஓய்வுபெறச் செய்து, 2023 பிப்ரவரி 14-ல் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் திறக்கவே முடியாதபடி அடைத்துவிட்டது.

இதில் பிரவுசர் நிறுவனங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் துணைநிரல்கள் உங்கள் கம்ப்யூட்டருக்குள் எதை வேண்டுமானாலும் செய்யும் உரிமையோடு ஓடின. திருடர்களுக்கு அது நல்ல வழியாக இருந்தது. அடைத்தது சரிதான். ஆனால் அதற்கு முன்னால் விற்ற லட்சக்கணக்கான பெட்டிகள் இன்னும் சுவரில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பிளகின் டவுன்லோட் பண்ணுன்னு வருது. பண்ணினேன், இன்ஸ்டாலும் பண்ணினேன். திரும்பவும் அதையேதான் கேக்குது.

நீங்கள் குரோமில் திறந்திருப்பீர்கள். மேலே சொன்ன காரணத்தால் குரோம் அந்தப் பிளகினை ஏறெடுத்தும் பார்க்காது. நூறு தடவை இன்ஸ்டால் செய்தாலும் டிவிஆர் பக்கம் 'பிளகின் இல்லை' என்றுதான் சொல்லும். கொஞ்சம் புதிய பெட்டிகள் சிலவற்றில் பிளகின் என்ற பெயரில் வருவது தனி மென்பொருள். அது கம்ப்யூட்டரில் பின்னணியில் ஓடிக்கொண்டு குரோமுடன் பேசும். அந்த வகை என்றால் இன்ஸ்டால் செய்து, பிரவுசரை முழுவதும் மூடித் திறந்ததும் படம் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பிளகினை டிவிஆர் பக்கத்திலிருந்தோ தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுத்து, ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் கம்ப்யூட்டரே முடங்கிப்போனதை நேரில் பார்த்தேன். பாவம், மூன்று நாள் கையால் பில் எழுதினார்கள்.

எட்ஜ்ல ஐஈ மோட்னு ஒண்ணு இருக்காமே, அது எப்படிப் போடணும்?

பழைய டிவிஆர் வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்கு இருக்கிற நேர்மையான வழி இதுதான். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசருக்குள் பழைய எக்ஸ்ப்ளோரரின் இயந்திரத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள். குறைந்தது 2029 வரை இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸ் 11-லும் வேலை செய்யும்.

எட்ஜைத் திறந்து, வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளியை அழுத்தி, செட்டிங்ஸுக்குள் 'டிஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போங்கள். அங்கே, தளங்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடில் திறக்க அனுமதிக்கலாமா என்று ஒரு வரி இருக்கும். அதை 'அலோ' என்று மாற்றினால் எட்ஜை மறுபடி தொடங்கச் சொல்லும், செய்துவிடுங்கள். பிறகு அதே இடத்தில் 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோட் பேஜஸ்' என்ற பட்டியல் இருக்கும். அதில் 'ஆட்' அழுத்தி டிவிஆரின் முகவரியை, முன்னால் எச்டிடிபி என்பதையும் சேர்த்து, முழுதாகப் போடுங்கள். முன்பெல்லாம் மெனுவிலேயே 'ஐஈ மோடில் திற' என்று ஒரு வரி இருந்தது. அதைத் திருடர்கள் தவறாகப் பயன்படுத்தியதால் 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து அந்த வரியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் வெறும் ஐபி எண்ணைத்தான் போடுவீர்கள். டிவிஆர் உடனே லாகின் பக்கத்துக்குத் தாவும், முகவரியின் வால் நீண்டுவிடும். பட்டியலில் சேர்ந்தது பழைய முகவரி, திறந்திருப்பது புது முகவரி. அதனால் லாகின் பக்கம் வந்ததும் மேலே தெரியும் முழு முகவரியையும் காப்பி எடுத்து, அதையும் பட்டியலில் சேருங்கள். முகவரிப் பட்டையின் இடதுபக்கம் பழைய எக்ஸ்ப்ளோரரின் 'ஈ' அடையாளம் தெரிந்தால் மோட் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

செஞ்சு தந்துட்டுப் போனீங்க, ஒரு மாசம் நல்லா ஓடிச்சு. இப்ப திரும்பவும் போயிட்டு.

அந்தப் பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொரு முகவரிக்கும் ஆயுள் 30 நாள். நாள் முடிந்ததும் தானாக நீங்கிவிடும். திரும்பப் போய்ச் சேர்க்க வேண்டும், வேறு குற்றம் எதுவும் இல்லை. கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்தும் ஒருவர் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இதைச் செய்யும்படி வரவேற்பு மேசைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.

ஐஈ மோட் வந்துட்டு, 'ஈ' அடையாளமும் தெரியுது. ஆனாலும் படம் இடத்துல ஒரு வெள்ளைக் கட்டம்தான்.

பக்கம் வந்துவிட்டது, ஆக்டிவ்எக்ஸ் இன்னும் தடுக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் தேடல் கட்டத்தில் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' என்று தேடித் திறந்து, 'செக்யூரிட்டி' பகுதியில் 'டிரஸ்டட் சைட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'சைட்ஸ்' பொத்தானை அழுத்தி, கீழே எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, டிவிஆரின் முகவரியைச் சேருங்கள். அப்புறம் அதே இடத்தில் 'கஸ்டம் லெவல்' போய், ஆக்டிவ்எக்ஸ் தொடர்பான வரிகளை 'பிராம்ப்ட்' என்று வையுங்கள். எட்ஜை அட்மினிஸ்டிரேட்டராக ஒரே ஒரு முறை திறந்து, டிவிஆர் பக்கம் கேட்கும் பிளகினை இன்ஸ்டால் செய்து, மூடிவிட்டுச் சாதாரணமாகத் திறங்கள்.

இந்தத் தளர்வு 'டிரஸ்டட் சைட்ஸ்' என்ற கூண்டுக்குள் மட்டும் இருக்க வேண்டும். 'இன்டர்நெட்' என்ற பகுதியில் எல்லாவற்றையும் 'எனேபிள்' செய்துவிட்டுப் போகும் பழக்கம் சில சர்வீஸ்காரர்களுக்கு இருக்கிறது. அது டிவிஆருக்கு மட்டும் திறந்த கதவு அல்ல, ஊர் முழுவதற்கும் திறந்த கதவு.

நான் வச்சிருக்கது ஆப்பிள் மேக். அதுல?

மேக்கிலும் லினக்ஸிலும் போனிலும் ஐஈ மோட் கிடையாது. மேக்குக்கு ஹிக்விஷனின் ஐவிஎம்எஸ்-4200 மென்பொருள் இருக்கிறது. மற்றவர்கள், தங்கள் போனில் அந்தந்த நிறுவனத்தின் ஆப்பைப் போட்டுப் பார்க்கலாம். விண்டோஸ்காரர்களுக்கும் இதையே சொல்வேன்: தினமும் பார்ப்பவர் என்றால் பிரவுசரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஹிக்விஷனுக்கு ஐவிஎம்எஸ்-4200, டாகுவாவுக்கு ஸ்மார்ட்பிஎஸ்எஸ், சிபி பிளஸுக்குக் கேவிஎம்எஸ் புரோ. எல்லாம் இலவசம்.

சின்னக் கட்டத்துல நாலு கேமராவும் தெரியுது. ஒண்ணை டபுள் கிளிக் பண்ணிப் பெரிசாக்கினா கறுப்பாயிடுது.

இது பிளகின் பிரச்சினை அல்ல. ஒவ்வொரு கேமராவும் இரண்டு ஓட்டமாகப் படம் அனுப்புகிறது. மெயின் ஸ்ட்ரீம் பெரிய, தெளிவான படம். சப் ஸ்ட்ரீம் சின்னக் கட்டத்துக்கான லேசான படம். மெயினை எச்.265 முறையிலும் சப்பை எச்.264 முறையிலும் சுருக்கும்படி அமைத்திருப்பார்கள். எச்.264-ஐ எல்லாப் பிரவுசரும் காட்டும். எச்.265 அப்படி இல்லை. குரோம் 107-ஆம் பதிப்பிலிருந்துதான் அதை ஏற்றது, அதுவும் கம்ப்யூட்டரின் வன்பொருளில் அதைப் பிரிக்கும் வசதி இருந்தால் மட்டும். அதனால்தான் மகனுடைய புது லேப்டாப்பில் தெரிவது அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் தெரிவதில்லை.

டிவிஆர் அமைப்பில் என்கோடிங் அல்லது வீடியோ பகுதிக்குப் போய் அந்தக் கேமராவின் மெயின் ஸ்ட்ரீமை எச்.264 என்று மாற்றினால் படம் வந்துவிடும். ஆனால் அதற்கு விலை உண்டு. அதே தெளிவுக்கு எச்.264 ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். இருபது நாள் பதிவு நின்ற ஹார்ட் டிஸ்கில் பத்து நாள்தான் நிற்கும். நான் மாற்றச் சொல்வதில்லை. பெரிய படத்தை டிவியிலோ மேலே சொன்ன மென்பொருளிலோ பாருங்கள், பதிவு நாள்களைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல'ன்னு செகப்பா வருது. ஹேக் பண்ணிட்டாங்களா?

உங்கள் வீட்டு நெட்வொர்க்கில், உங்கள் டிவிஆரின் எண்ணைப் போட்டபோது வந்தால் பயப்பட வேண்டாம். டிவிஆர் தனக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழைக் காட்டுகிறது. அதற்கு வெளியார் யாரும் சாட்சி இல்லை என்றுதான் பிரவுசர் சொல்கிறது. 'அட்வான்ஸ்டு' அழுத்தித் தொடரலாம். தொடரவே விடாமல் 'பாதுகாப்பு நெறிமுறை பொருந்தவில்லை' என்ற மாதிரி வந்தால், பெட்டி டிஎல்எஸ் 1.0 போன்ற பழைய பூட்டைப் பயன்படுத்துகிறது. குரோமும் எட்ஜும் அதை 2020-லேயே கைவிட்டுவிட்டன. முகவரியின் முன்னால் எச்டிடிபி என்று நீங்களே தட்டச்சு செய்து திறந்து பாருங்கள்.

இதே எச்சரிக்கை வெளியூரிலிருந்து பார்க்கும்போது வந்தால் பாஸ்வேர்டு போடாமல் மூடிவிடுங்கள்.

மக்ளே, மோன் துபாய்ல இருக்கான். அங்கேருந்தே கம்ப்யூட்டர்ல வீட்டைப் பாக்கணுமாம். ரவுட்டர்ல போர்ட்டைத் திறந்து தரச் சொல்லுதான். செஞ்சு தருவியா?

இந்த மாவட்டத்தில் பாதி வீட்டு வாசலில் கேமரா மாட்டியதே வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் போர்ட் திறந்து தர மாட்டேன். போர்ட் என்பது இணையத்திலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் எண்ணிட்ட வாசல். 80, 8000, 37777 போன்ற எண்களை ரவுட்டரில் திறந்துவிட்டால், டிவிஆரின் லாகின் பக்கம் உலகத்துக்கே தெரியும். அப்படித் திறந்து கிடப்பவற்றை இரவும் பகலும் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. 2016-ல் மிராய் என்ற நிரல் தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் இப்படித்தான் பிடித்தது. அவற்றை வைத்து அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு வழிகாட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் பலருக்குத் திறக்கவில்லை. பாஸ்வேர்டு வலுவாக இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் வெளியிட்ட ஒரு குறைபாட்டில், பாஸ்வேர்டே இல்லாமல் பெட்டிக்குள் கட்டளை ஓட்ட முடிந்தது. அதன் கடுமைக்கு 10-க்கு 9.8 கொடுத்தார்கள். ஐஈ மோட் தேவைப்படும் வயதுள்ள பெட்டிகளில் பலவற்றுக்கு அப்டேட்டே வருவதில்லை. அந்தப் பெட்டியைத் தெருவில் வைக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. இப்போதைய ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது ஐபி எண்ணைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வந்து சேராது. எனவே மகனிடம் நிறுவனத்தின் ஆப்பைப் போடச் சொல்லுங்கள். ஹிக்விஷனுக்கு ஹிக்-கனெக்ட், டாகுவாவுக்கு டிஎம்எஸ்எஸ். டிவிஆரின் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் போதும், போர்ட் திறக்க வேண்டியதில்லை. அட்மின் கணக்கை உங்களிடம் வைத்துக்கொண்டு அவருக்குப் பார்க்க மட்டும் முடிகிற பகிர்வைக் கொடுங்கள். ஏற்கெனவே யாராவது திறந்து வைத்திருந்தால் அடைத்துவிட்டு, ரவுட்டரில் யூபிஎன்பி என்பதையும் நிறுத்திவிடுங்கள். அது கேட்காமலேயே போர்ட்டைத் திறக்கும்.

பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஒண்ணு சும்மா கெடக்கு. அதை இதுக்குன்னே வச்சா என்ன?

வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லேயே பொது ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இணையம் இருக்கக் கூடாது. டிவிஆரோடு ஒரு வயரில் நேராக இணைத்துவிட்டால் பழைய எக்ஸ்ப்ளோரரில் படம் அருமையாக வரும். அதிலேயே மெயில் பார்ப்பேன், பேங்க் பார்ப்பேன் என்றால் வேண்டவே வேண்டாம். பழைய ஃபயர்பாக்ஸைத் தேடிப்பிடித்து நிறுவுவதற்கும் இதே பதில்தான்.

கடையில திருட்டு போயிட்டு. ஸ்டேஷன்ல புட்டேஜ் கேக்காவ. பிரவுசர்ல டவுன்லோட் பண்ணினா பாதியிலேயே நிக்குது.

பிரவுசரை விடுங்கள், நேரம் முக்கியம். டிஸ்க் நிறைந்ததும் டிவிஆர் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவை டிவிஆரிலேயே செருகி, டிவியைப் பார்த்துக்கொண்டு மெனுவிலிருந்து பேக்கப் எடுங்கள். கூடவே பிளேயர் மென்பொருளையும் சேர்த்து எடுக்கும் வசதி இருந்தால் எடுங்கள். சில நிறுவனங்களின் கோப்பு சாதாரணப் பிளேயரில் ஓடாது.

டிவிஆரில் காட்டும் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் பிந்தியிருந்தால் பின்னால் விளக்க உதவும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொன்னார்களே, அதன் இன்றைய வடிவம். படிவத்தை ஸ்டேஷனில் கேளுங்கள். அசல் ஹார்ட் டிஸ்கை யாரும் ஃபார்மேட் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பர்ம்வேர் அப்டேட் பண்ணினா குரோம்லயே வருமாமே?

சில பெட்டிகளுக்கு வரும். பர்ம்வேர் என்பது பெட்டிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள். புதிய பர்ம்வேரில் பிளகின் இல்லாமல் காட்டும் பக்கம் சேர்க்கப்பட்டிருக்கலாம். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை பொருந்தும் கோப்பு இருந்தால் மட்டும் போடுங்கள். 'கிட்டத்தட்ட இதே மாடல்தான்' என்று போட்டால் பெட்டி திரும்ப எழாது. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனாலும் அதே கதிதான், யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். மழைக்காலத்தில் வானம் இருட்டியிருக்கும்போது நான் இந்த வேலையை எடுப்பதே இல்லை.

ஒருத்தர் வந்து பாத்துட்டு எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்லுதாரு. மாத்தணுமா?

எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் சந்தேகப்படுங்கள். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எட்டுக் கேமராவையும் வயரையும் பிடுங்கிப் புதிது மாட்டியிருந்தார்கள். ஐஈ மோடில் அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. எப்போது மாற்றலாம் என்றால், பாஸ்வேர்டை மாற்றவே முடியாத பெட்டி, தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத பெட்டி, ஆப்பும் மென்பொருளும் கைவிடப்பட்ட பெட்டி. அப்போதும் பெரும்பாலும் டிவிஆரை மட்டும் மாற்றினால் போதும். ஏஎச்டி, டிவிஐ, சிவிஐ மூன்று வகைக் கேமராவையும் ஏற்கும் டிவிஆர்கள் கிடைக்கின்றன, பழைய கேமராவும் வயரும் அப்படியே ஓடும்.

புதிய கேமரா வாங்குவதானால் ஒன்று கேளுங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். அந்தச் சான்று அந்த மாடலுக்கு இருக்கிறதா என்று கேட்டு, பில்லில் மாடல் எண்ணை முழுதாக எழுதி வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் சொந்த லேப்டாப்பில் குரோமைத் திறந்து, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் படம் வருகிறதா, ஒரு கேமராவைப் பெரிதாக்கினாலும் வருகிறதா, நேற்றைய பதிவு ஓடுகிறதா என்று மூன்றையும் மாட்டியவர் பக்கத்தில் நிற்கும்போதே பாருங்கள். நேற்றைய பதிவு வேண்டுமென்பதால், மாட்டிய அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம்.